வாசலில் இரண்டு வாட்ச்மேன்: கணினி கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளைப் பிரித்து அடுக்கியபோது ஒரு கட்டு மட்டும் தனியாகக் கனத்தது. எல்லாவற்றிலும் ஒரே புலம்பல்: கம்ப்யூட்டர் ஹேங் ஆகிறது, சர்வீஸ் செய்ய வந்தவர் ஆன்டிவைரஸைக் கைகாட்டுகிறார், ஆன்டிவைரஸ் கம்பெனிக்குப் போன் போட்டால் அவர்கள் விண்டோஸைக் கைகாட்டுகிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க இதுதான். பிரிண்டர், வைஃபை, எக்செல் கேள்விகள் அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார், ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். விண்டோஸ் 10, 8 ஜிபி ரேம். காலையில் டேலியைத் திறந்து பில் போட ஆரம்பித்த பத்து நிமிஷத்தில் எல்லாம் அப்படியே நின்றுவிடுகிறது. மவுஸ் அம்பு மட்டும் நகரும், எதைக் க்ளிக் செய்தாலும் அசையாது. இரண்டு மூன்று நிமிஷம் கழித்து, அதுவரை நான் அடித்ததெல்லாம் மொத்தமாக வந்து விழும். முதலாளி 'ஆன்டிவைரஸைத் தூக்கிப் போடு' என்கிறார். போன வருஷம்தான் காசு கொடுத்துப் போட்டோம், அதற்கு முன்பு இலவசமாக வேறொன்று இருந்தது. தூக்கிவிடலாமா?
கணக்கர், ஈரோடு

தூக்க வேண்டியது ஒன்று இருக்கிறது, ஆனால் அது நீங்கள் காசு கொடுத்து வாங்கியது இல்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்திலேயே துப்பு இருக்கிறது. மவுஸ் நகர்கிறது, அடித்தது பிறகு மொத்தமாக வந்து விழுகிறது என்றால் கம்ப்யூட்டர் சாகவில்லை, எதற்காகவோ காத்துக்கொண்டு நிற்கிறது. அடுத்த முறை நிற்கும்போது கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டிப் பாருங்கள். கீபோர்டில் அதன் விளக்கு எரிந்து அணைந்தால் இது காத்திருப்புதான். விளக்கும் மாறவில்லை, மவுஸும் நகரவில்லை என்றால் அது வேறு கதை. ரேம், சூடு, ஏதாவது ஒரு டிரைவர் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

எதற்குக் காத்திருக்கிறது? டேலி ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால் அந்த வேண்டுகோள் நேராக ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்விடாது. நடுவில் ஃபில்டர் டிரைவர் என்று ஒன்று உட்கார்ந்திருக்கும், அதை ஆன்டிவைரஸ்தான் அங்கே உட்கார வைத்தது. அது வேண்டுகோளைப் பிடித்து நிறுத்தி, கோப்பைப் படித்துப் பார்த்து, சரி போகலாம் என்று சொன்ன பிறகுதான் டேலியின் கைக்குக் கோப்பு வரும். சாதாரணமாக இது கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. ஆனால் வாசலில் இரண்டு வாட்ச்மேன் நின்றால்? முதல் ஆள் பையைத் திறக்கிறார், அவர் பையைத் திறப்பதைப் பார்த்து இரண்டாம் ஆள் 'நீ யார் திறக்க' என்று அவரைப் பிடித்துக்கொள்கிறார், பைக்குச் சொந்தக்காரர் வெயிலில் நிற்கிறார். சில சமயம் இவர் முடிக்காமல் அவர் விடமாட்டார், அவர் விடாமல் இவரால் முடிக்க முடியாது என்று முடிச்சு விழுந்துவிடும். இதை டெட்லாக் என்பார்கள். அப்போது பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதைத் தவிர வழியில்லை.

'அந்தப் பழைய இலவச ஆன்டிவைரஸைத்தான் எடுத்தாயிற்றே' என்பீர்கள். கன்ட்ரோல் பேனலில் போய் அன்இன்ஸ்டால் கொடுத்தால் மேலே தெரிகிற ஐகான் போய்விடும், அடியில் இருக்கிற ஃபில்டர் டிரைவர் பல சமயம் போகாது. எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக் கணினியில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு பிடிஎஃப் திறக்க ஒரு நிமிஷம் ஆனது. பட்டியலை எடுத்துப் பார்த்தால் மூன்று கம்பெனிகளின் டிரைவர்கள் ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. கடைக்காரர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, 'இதை எடுத்து நாலு வருஷம் ஆச்சே சார்' என்றார்.

அந்தப் பட்டியலை நீங்களும் எடுக்கலாம். ஸ்டார்ட் மெனுவில் சி-எம்-டி (cmd) என்று தட்டினால் கமாண்ட் ப்ராம்ப்ட் வரும், அதை வலது க்ளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். கறுப்புத் திரையில் எஃப், எல், டி, எம், சி (fltmc) என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளையும் இடைவெளியில்லாமல் தட்டி என்டர் அடியுங்கள். வரும் பட்டியலில் டபிள்யூ-டி (Wd) என்று ஆரம்பிப்பது விண்டோஸோடு வரும் டிஃபெண்டருடையது. ஃபைல்இன்ஃபோ, லுவாஃப்வி, வோஃப், பைண்ட்ஃபில்ட் போன்றவை விண்டோஸின் சொந்தப் பிள்ளைகள், அவற்றைத் தொடாதீர்கள். இவை போக, பழைய ஆன்டிவைரஸின் பெயரையோ அதன் சுருக்கத்தையோ ஒட்டி ஏதாவது தெரிந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார்.

கிடைத்ததும் டிரைவர் ஃபோல்டருக்குள் புகுந்து கையால் அழித்துவிடாதீர்கள், விண்டோஸ் ஏறாமலே போய்விடும். பெரிய ஆன்டிவைரஸ் கம்பெனிகள் எல்லாமே தங்கள் சரக்கை வேரோடு பிடுங்குவதற்கென்றே ரிமூவல் டூல் என்று ஒன்றை இலவசமாகத் தருகின்றன. அந்தந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் அதை இறக்குங்கள். தேடினால் முதலில் வரும் 'அன்இன்ஸ்டாலர் ப்ரோ' வகையறாக்கள் வேண்டாம், போன பேய்க்குப் பதில் புதுப் பேய். ஓட்டிவிட்டு ரீஸ்டார்ட் செய்து, பட்டியலை மறுபடி பாருங்கள்.

அப்புறம் டேலி. ஒவ்வொரு வவுச்சர் போடும்போதும் அதன் டேட்டா கோப்புகள் மாறிக்கொண்டே இருக்கும், மாறிய கோப்பை ஆன்டிவைரஸ் மறுபடி மறுபடி பார்க்கும். அதனால் ஆன்டிவைரஸ் செட்டிங்ஸில் 'எக்ஸ்க்ளூஷன்' என்ற இடத்தில் டேலியின் டேட்டா ஃபோல்டரை மட்டும் சேருங்கள். அந்த ஃபோல்டரை மட்டும்தான். சிலர் வேகம் வேண்டும் என்று சி டிரைவ் முழுவதையும் சேர்த்துவிடுகிறார்கள், அதற்கு ஆன்டிவைரஸ் இல்லாமலே இருக்கலாம், காசாவது மிச்சம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் கூடாது, திருடன் வருவதே அந்த வழியாகத்தான். விலக்கு கொடுத்த ஃபோல்டரை யாரும் காவல் காக்கவில்லை என்பதால் தினமும் கடை சாத்தும்போது ஒரு பேக்கப் எடுத்து, பென்டிரைவைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். சொருகியே வைத்தால், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்ற வைரஸ் வகை அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

பத்து நிமிஷக் கணக்குக்கும் ஒரு காரணம் இருக்கலாம். ராத்திரி ஸ்கேன் என்று வைத்திருப்பீர்கள், ராத்திரி கம்ப்யூட்டரே ஓடாது, விட்டுப்போன ஸ்கேனைக் காலையில் திறந்ததும் ஆரம்பித்துவிடும் பழக்கம் பல ஆன்டிவைரஸ்களுக்கு உண்டு. நேரத்தை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டும் பார்த்தேன், அப்போதும் ஹேங் ஆகிறது. அப்படியானால் தப்பு அதன் மேல் இல்லைதானே?
தட்டச்சுப் பயிலகம் நடத்துபவர், திருநெல்வேலி

அப்படிச் சொல்லிவிட முடியாது. நிறையப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஐகானை வலது க்ளிக் செய்து 'பாஸ் ப்ரொடெக்ஷன்' கொடுத்தால் வாட்ச்மேன் சோதனை போடுவதைத்தான் நிறுத்துகிறார், நாற்காலியை விட்டு எழுந்து போவதில்லை. டிரைவர் உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். அந்த டிரைவரில்தான் கோளாறு என்றால் பாஸ் செய்வதால் ஒரு மாற்றமும் இராது.

உண்மையான பரிசோதனை ஒன்றுதான். லைசென்ஸ் கீயை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ரிமூவல் டூலால் முழுதாக எடுத்துவிட்டு, இரண்டு மூன்று நாள் வேலை செய்து பாருங்கள். பயப்பட வேண்டாம், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வேறு ஆன்டிவைரஸ் இல்லை என்று தெரிந்தவுடன் டிஃபெண்டர் தானாக எழுந்துகொள்ளும். எழுந்ததா என்று 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஹேங் நின்றுவிட்டது என்றால் விஷயம் தெரிந்துவிட்டது. பிறகு அதே ஆன்டிவைரஸின் புதுப் பதிப்பைப் போட்டுப் பார்ப்பதா, டிஃபெண்டரே போதும் என்று விடுவதா என்பது உங்கள் இஷ்டம்.

அதற்கும் நிற்கவில்லை என்றால் டிஸ்க்கைப் பாருங்கள். ஸ்டார்ட்டில் 'ஈவென்ட் வியூவர்' என்று தட்டி, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். ஹேங் ஆன நேரத்தை ஒட்டி 7, 129, 153 என்ற எண்கள் தெரிகின்றனவா? 7 என்றால் டிஸ்க்கில் பழுதான இடம் இருக்கிறது, 153 என்றால் படிக்கவோ எழுதவோ போய் முடியாமல் மறுபடி முயன்றது, 129 என்றால் டிஸ்க் பதிலே சொல்லாததால் அதை ரீசெட் செய்ய வேண்டி வந்தது. இந்த எண்களைப் பார்த்தால் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு முதலில் ஃபைல்களைக் காப்பி எடுங்கள். சுழல்கிற பழைய ஹார்ட் டிஸ்க் தேய்ந்து போயிருக்கும்போது ஆன்டிவைரஸ் முழு டிஸ்க்கையும் ஒரு மூச்சு படிக்கச் சொல்லும், அங்கேதான் அது மூச்சு வாங்கி நிற்கும். மாடிப்படி ஏறச் சொன்னவர் மேல் பழியைப் போட்டு என்ன பயன், நெஞ்சு வலி முன்பே இருந்தது.

ஓய்வு பெற்ற ஆசிரியை நான். டாஸ்க் மேனேஜரில் 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' என்று ஒன்று எப்போதும் முதலிடத்தில் நிற்கிறது. அது ஓடும்போது லேப்டாப்பின் விசிறி விமானம் மாதிரி இரைகிறது. 'எண்ட் டாஸ்க்' கொடுத்தால் அனுமதி இல்லை என்கிறது. இது வைரஸா?
வாசகி, கும்பகோணம்

இல்லம்மா, வைரஸைப் பிடிப்பவர். டிஃபெண்டரின் எஞ்சின் பெயர்தான் அது. யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றிருந்தால் வைரஸும் முதல் வேலையாக அதைத்தானே நிறுத்தும், அதனால்தான் அனுமதி மறுக்கிறது.

விண்டோஸ் அப்டேட் முடிந்த அன்றும், ரொம்ப நாள் கழித்து லேப்டாப்பைத் திறந்த அன்றும் அது கொஞ்சம் ஆடத்தான் செய்யும். சார்ஜரைச் சொருகி, ஒரு மணி நேரம் தொடாமல் திறந்து வைத்துவிட்டு காபி குடிக்கப் போங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். தினமும் இப்படித்தான் என்றால் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் டிஃபெண்டர் என்று உள்ளே போனால் 'ஷெட்யூல்டு ஸ்கேன்' இருக்கும். அதன் ப்ராப்பர்டீஸில் கண்டிஷன்ஸ் பக்கத்தில் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது மட்டும் ஆரம்பி என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். கணக்குப்படி ஸ்கேன் செய்யும்போது அது ப்ராசஸரில் சராசரியாக 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் டிஃபெண்டரின் இயல்பான அமைப்பு. ஆனால் அது ஸ்கேனுக்கு மட்டும், நீங்கள் ஃபைல் திறக்கும்போது நடக்கும் காவலுக்கு அந்த வரம்பு கிடையாது.

ஒரு பழைய வேடிக்கை. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைத் திறந்தாலே இந்த எஞ்சின் தாறுமாறாக ப்ராசஸரைத் தின்கிறது என்று 2018இலேயே புகார் போனது. ஃபயர்ஃபாக்ஸ் கனமாகிவிட்டது என்று திட்டி குரோமுக்கு மாறியவர்கள் உண்டு, நானும் திட்டியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் டிஃபெண்டர் தேவைக்கு மேல் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. 2023இல் மைக்ரோசாஃப்ட் எஞ்சினைத் திருத்தியபோது, ஃபயர்ஃபாக்ஸ் ஓடும்போது அது எடுத்துக்கொண்ட ப்ராசஸர் நேரம் சுமார் 75 சதவீதம் குறைந்தது. ஐந்து வருஷம் பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதனால் டிஃபெண்டர் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள், இந்த மாதிரித் திருத்தங்கள் அதில்தான் வருகின்றன.

கல்லூரி மாணவன். லேப்டாப் ஆன் செய்ததும் ஐந்து நிமிஷம் ஸ்டக். டிஃபெண்டர் தினமும் 'ஹேக்டூல்' ஒன்றைப் பிடித்ததாகச் சொல்கிறது, மறுநாள் அதே பெயர் மறுபடி வருகிறது. விண்டோஸைக் கடையில்தான் ஆக்டிவேட் செய்து தந்தார்கள்.
நாகர்கோவில்

அதுதான் தம்பி விஷயம். கடையில் போட்டது ஆக்டிவேட்டர், அதாவது பூட்டை உடைக்கிற கருவி. விண்டோஸ் தொடங்கும்போதெல்லாம் அது தன்னைத்தானே மறுபடி கிளப்பிக்கொள்ளும்படி ஒரு டாஸ்க்கை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. டிஃபெண்டர் பிடிக்கிறது, அது மறுபடி பிறக்கிறது, மறுபடி பிடிக்கிறது, நடுவில் நீ உட்கார்ந்து வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். சிலர் இதற்குத் தீர்வாக ஆக்டிவேட்டரை எக்ஸ்க்ளூஷனில் போடச் சொல்வார்கள், கேட்காதே. உள்ளே அது வேறு என்ன செய்கிறது என்று கொடுத்த கடைக்காரருக்கும் தெரியாது. ஃபைல்களைக் காப்பி எடுத்துவிட்டு மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸை இறக்கிச் சுத்தமாகப் போடு. கடையில் வாங்கும்போதே விண்டோஸோடு வந்த லேப்டாப் என்றால் அதன் கீ மதர்போர்டிலேயே இருக்கும், அதே வகை விண்டோஸைப் போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். இதைப் பார்க்காமலே ஆக்டிவேட்டர் போட்டுக் காசு வாங்கும் கடைகளும் இருக்கின்றன.

2024 ஜூலையில் ஒரு நாள் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு, பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் வாங்கி ஊர் வந்து சேர்ந்தவன் நான். அதுவும் ஒரு செக்யூரிட்டி சாஃப்ட்வேரால்தான் என்றார்கள். அது மாதிரி என் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் நடக்குமா?
வாசகர், தாம்பரம்

அந்த போர்டிங் பாஸைப் பத்திரமாக வையுங்கள், பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் ஊர் நேரம் காலை 9.39க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கம்பெனி தன் ஃபால்கன் மென்பொருளுக்கு ஒரு சிறு அப்டேட்டை அனுப்பியது. 10.57க்குத் திரும்ப வாங்கிவிட்டார்கள், ஆக மொத்தம் 78 நிமிஷம். அதற்குள் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரைக்குப் போய்விட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. மொத்த விண்டோஸ் கணினிகளில் இது 1 சதவீதம்கூட இல்லை. ஆனால் அதெல்லாம் விமான நிறுவனம், வங்கி, மருத்துவமனை என்று கவுன்டரில் இருக்கிற கணினிகள், அதனால் ஊரே நின்றது.

காரணம் கேட்டால் சிரிப்பு வரும். நிரல் 21 விவரங்களை எதிர்பார்த்தது, கொடுக்கப்பட்டவை 20. இல்லாத இருபத்தோராவதைப் படிக்கப் போய், தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் காலை வைத்தது. வேர்டோ எக்செலோ இப்படிச் செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும், வேலை கெடாது. ஆனால் மேலே சொன்ன வாட்ச்மேன் கதையில் பார்த்தீர்களே, இந்த மென்பொருள்கள் விண்டோஸின் கருவறையான கெர்னலுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே ஒருவர் தடுக்கி விழுந்தால் மொத்த வீடும் விழும். மறுபடி ஆன் செய்தால் அந்த டிரைவர்தான் முதலில் ஏறும், ஏறியதும் மறுபடி விழும். ஆகவே கம்பெனி அப்டேட்டைத் திரும்ப வாங்கியும் பயனில்லாமல், ஆட்கள் ஒவ்வொரு கணினிக்கும் நேரில் போய், விண்டோஸ் அத்தியாவசியமானவற்றோடு மட்டும் ஏறும் சேஃப் மோடில் ஏற்றி, சி-00000291 என்று பெயர் தொடங்கும் கோப்பைத் தேடி அழிக்க வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்டின் கிளவுடில் ஓடும் கணினிகளுக்கு, 15 தடவை வரைகூட ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், சிலருக்குச் சரியாகியிருக்கிறது என்று அவர்களே சொன்னார்கள். நம் தெருவோர மெக்கானிக் சொல்லும் வைத்தியம்தான்!

இது முதல் முறையும் இல்லை. 2010 ஏப்ரல் 21இல் மெக்காஃபி என்ற ஆன்டிவைரஸ் கம்பெனி அனுப்பிய 5958 எண் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான எஸ்விசிஹோஸ்ட் கோப்பையே வைரஸ் என்று பிடித்துக்கொண்டது. நெட்வொர்க் போய், கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. 2019 ஏப்ரலில் தலைகீழாக நடந்தது. மைக்ரோசாஃப்ட் அனுப்பிய விண்டோஸ் அப்டேட்டும், சோஃபோஸ், அவாஸ்ட், அவிரா போன்ற ஆன்டிவைரஸ்களும் ஒத்துப்போகாமல் முக்கியமாக விண்டோஸ் 7, 8.1 கணினிகள் ரீஸ்டார்ட் ஆகும்போது உறைந்து நின்றன. அப்டேட்டில் செய்த ஒரு மாற்றம் தங்கள் மென்பொருளோடு டெட்லாக் ஆகக்கூடும் என்று மெக்காஃபி விளக்கம் கொடுத்தது. ஈரோட்டுக்காரருக்குச் சொன்ன அதே முடிச்சுதான்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். ஃபால்கன் பெரிய நிறுவனங்களுக்கானது, உங்களிடம் இருக்காது. ஆனால் வேறு ஒன்றின் அப்டேட் என்றாவது ஒரு நாள் சொதப்பலாம். கெர்னலுக்கு வெளியே ஆன்டிவைரஸ்களை ஓடவைக்க வழி செய்கிறோம் என்று மைக்ரோசாஃப்ட் 2024 நவம்பரில் அறிவித்தது, அது எல்லோர் வீட்டுக்கும் வந்து சேரும் வரை நாம் செய்யக்கூடியது ஒன்றுதான்: பிட்லாக்கர் ரெகவரி கீயை இன்றே எடுத்து வையுங்கள். டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதிதான் பிட்லாக்கர், சேஃப் மோடுக்குப் போகும் வழியில் பூட்டைத் திறக்க இந்த 48 இலக்க எண்ணைக் கேட்கலாம். புது லேப்டாப்களில் நாம் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டு வருகிறது, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து உங்கள் சாதனங்களின் பட்டியலில் பார்த்தால் அந்த எண் இருக்கும். தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். லேப்டாப்புக்குள்ளேயே சேமித்து வைப்பது, பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவது மாதிரி. அந்த ஜூலையில் பல அலுவலகங்கள் மாட்டியது இதில்தான்.

வங்கித் தளங்கள் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்து பிரவுசரே நின்றுவிடுகிறது. மற்ற தளங்கள் பரவாயில்லை.
வாசகர், காரைக்குடி

பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் பூட்டு அல்லது செட்டிங்ஸ் ஐகானை அழுத்தி, சான்றிதழை யார் வழங்கியது என்று பாருங்கள். அங்கே உங்கள் ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால், உங்களுக்கும் தளத்துக்கும் நடுவில் அது உட்கார்ந்து, பூட்டிய கவரைப் பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டி அனுப்புகிறது என்று அர்த்தம். ஆன்டிவைரஸில் 'வெப் ஷீல்டு', 'எச்டிடிபிஎஸ் ஸ்கேனிங்' என்று ஏதாவது பெயரில் இருக்கும். அதை மட்டும் நிறுத்திப் பாருங்கள், கோப்புக் காவல் தொடரட்டும். என்னைக் கேட்டால் வீட்டுக் கணினிக்கு அது வேண்டவே வேண்டாம்.

நேற்று ஆன்டிவைரஸ் அப்டேட் ஆனது. இன்று லேப்டாப் டெஸ்க்டாப்புக்கே போகவில்லை. பாஸ்வேர்ட் போட்டதும் கறுப்புத் திரை, அவ்வளவுதான். நாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டிய டைரி டிசைன் உள்ளே இருக்கிறது.
அச்சக வடிவமைப்பாளர், சிவகாசி

இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் டைரி அச்சாகியிருக்க வேண்டும் என்பதால் உங்களுக்குத் தனியாகவும் மின்னஞ்சல் போட்டுவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே.

பவர் பட்டனை அழுத்தி ஆன் செய்யுங்கள். லோகோவுக்குக் கீழே புள்ளிகள் சுற்ற ஆரம்பித்ததும் அதே பட்டனைப் பத்து விநாடி பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை. 'ஏதோ சரியில்லை' என்று விண்டோஸுக்கே புரிந்து, ஆட்டோமேட்டிக் ரிப்பேர் திரைக்குத் தானாகப் போகும். பாஸ்வேர்ட் திரை வரை வருகிறது என்றால் இந்த வன்முறைகூட வேண்டாம், அங்கேயே ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் போதும். பிறகு ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். வரும் பட்டியலில் 4 என்ற எண்ணைத் தட்டினால் சேஃப் மோடு. வழியில் பிட்லாக்கர் கீ கேட்டால், தாம்பரத்துக்காரருக்குச் சொன்ன அந்தத் தாளை எடுங்கள்.

சேஃப் மோடில் வெளி ஆன்டிவைரஸ்கள் பெரும்பாலும் ஏறாது, அதனால் டெஸ்க்டாப் வந்துவிடும். முதல் வேலை, டைரி டிசைனைப் பென்டிரைவில் காப்பி எடுப்பது. ரிப்பேர் எல்லாம் அப்புறம்.

அடுத்து ஆன்டிவைரஸை எடுக்க வேண்டும். கன்ட்ரோல் பேனலில் போய் அன்இன்ஸ்டால் கொடுத்தால் 'விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் கிடைக்கவில்லை' என்று பல சமயம் மறுக்கும். பதற வேண்டாம், சேஃப் மோடில் அந்த சர்வீஸ் ஓடாது, அவ்வளவுதான். கம்பெனியின் ரிமூவல் டூலை வேறு கணினியில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்து ஓட்டுங்கள், அவற்றில் பலவும் சேஃப் மோடில் ஓடுவதற்கென்றே செய்தவை. அதுவும் முடியவில்லை என்றால் அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் சிஸ்டம் ரெஸ்டோர் இருக்கிறது, நேற்றைக்கு முந்தைய தேதியைத் தேர்ந்தெடுங்கள். ஆன்டிவைரஸோடு விண்டோஸ் அப்டேட்டும் நேற்றே வந்திருந்தால் பக்கத்திலேயே 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருக்கும், கடைசி க்வாலிட்டி அப்டேட்டை எடுத்துப் பாருங்கள்.

சரியானதும் உடனே அதே ஆன்டிவைரஸை மறுபடி போட்டுவிடாதீர்கள். சொதப்பிய அப்டேட் இன்னும் அவர்கள் சர்வரில் இருக்கலாம். இரண்டு மூன்று நாள் டிஃபெண்டர் பார்த்துக்கொள்ளட்டும், டைரி முதலில் அச்சுக்குப் போகட்டும்.